காசில்லாதபோது கிராக் கேம் ஆடலாமா?

வேலை கிடைக்கும் வரை கிராக் கேம்தான் (காசு கொடுத்து வாங்கவேண்டிய கேமின் பூட்டை உடைத்து இலவசமாகப் பரப்பும் பிரதி), எப்படியும் வாங்கப் போவதில்லையே, இதில் யாருக்கு நஷ்டம் என்று கேட்டிருக்கிறீர்கள். நஷ்டம் பெரிதில்லை என்பது சரிதான். ஆனால் நியாயம் வேறு. பசிக்குத் திருடியவனை என்னால் குறை சொல்ல முடியாது. கேம் இல்லாமல் யாரும் வாடிப்போவதில்லை. ஸ்டார்டியூ வேலி என்ற கேமை எரிக் பரோன் என்ற ஒரே ஆள் படம், இசை, நிரல் எல்லாம் தானே செய்து, நாலு வருடத்துக்கு மேல் உழைத்து 2016-ல் வெளியிட்டார். அந்த நாலு வருடம் அவரும் கையில் காசோடு உட்கார்ந்திருக்கவில்லை.

அப்புறம், கிராக்கோடு வரும் குறிப்பைப் பார்த்திருப்பீர்கள்: 'ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு இன்ஸ்டால் செய்யவும்.' நானும் ஒருமுறை நிறுத்தினேன். மறுநாள் என் மெயிலுக்குள் நானே நுழைய முடியவில்லை. வேலைக்கு விண்ணப்பம் போடும் கணினியும் அதுதான் என்றால் இழப்பு உங்களுக்குத்தான்.

எபிக் ஸ்டோர் என்ற ஆன்லைன் கேம் கடையில் 2018 கடைசியிலிருந்து இலவச கேம்கள் தருகிறார்கள். எடுத்துக்கொண்டால் நிரந்தரமாக உங்கள் கணக்கில் இருக்கும். பழைய கணினி என்றால் பேட்டில் ஃபார் வெஸ்நாத் என்ற கேமைப் போடுங்கள். முழுக்க இலவசம், மாதக்கணக்கில் ஆடலாம். மனசுக்குப் பிடித்த கேமை ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையின் விஷ்லிஸ்டில் போட்டு வையுங்கள், தள்ளுபடி வந்தால் மெயில் வரும்.