‘நரம்பு பிசகிடுச்சு’ என்றால் எது பிசகியது? கணுக்காலைத் தொட்டுப் படிப்போம்

கேள்வி: உடற்கல்வியியல் கல்லூரியில் முதலாமாண்டு படிக்கிறேன். கபடி ஆடுகிறேன். பத்து நாள் முன்பு ரைடு போனபோது எதிரணிப் பெண் கணுக்காலைப் பிடித்துவிட்டாள். நான் திரும்பி இழுத்ததில் வலது பாதம் உள்பக்கமாக மடிந்தது. ‘டக்’கென்று சத்தம் கேட்டது. அன்று மாலையே வெளிக்கணு முட்டைபோல வீங்கிவிட்டது. அம்மா சுளுக்கு எடுக்கும் பாட்டியிடம் கூட்டிப்போனார். நரம்பு பிசகியிருக்கிறது என்று எண்ணெய் போட்டு உருவிவிட்டார். மறுநாள் வீக்கம் கூடி, குதிகால் வரை நீலம் பாரித்தது. எக்ஸ்ரே எடுக்கவில்லை. இப்போது நடக்க முடிகிறது, வலியும் பெரிதாக இல்லை. அடுத்த வாரம் போட்டி இருக்கிறது, ஆடலாமா? இன்னொன்று, செமஸ்டருக்கு உடற்கூறியல் இருக்கிறது. எலும்பு, தசைப் பெயர்கள் மனதில் நிற்கவே இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: போட்டி விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் ஆடாதீர்கள். இதைக் கேட்க உங்களுக்கு எவ்வளவு கசக்கும் என்று எனக்குத் தெரியும். விளையாட்டு வீரர்களுக்கு இயன்முறை மருத்துவம் செய்யும் எனக்கு, மாணவர்களிடம் அடிக்கடி சொல்ல வேண்டிவரும் வார்த்தை இதுதான். ஏன் கூடாது என்பதை உங்கள் காலை வைத்தே விளக்குகிறேன். அதிலேயே இரண்டாவது கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

பாட்டி சொன்ன ‘நரம்பு’ என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம். நம் பேச்சில் நரம்பு என்பது ஒரு பொருளைக் குறிப்பதில்லை. கையில் நீலமாகப் புடைத்துத் தெரிந்தால் ‘நரம்பு தெரியுது’ என்கிறோம், அது ரத்தம் ஓடும் சிரை. குதிகாலுக்கு மேலே தடித்த கயிறுபோல இருப்பதைக் ‘குதிகால் நரம்பு’ என்கிறோம், அது தசையை எலும்போடு கட்டும் டெண்டன். கணு மடிந்தால் ‘நரம்பு பிசகிடுச்சு’ என்கிறோம், அங்கே பாதிக்கப்படுவது பெரும்பாலும் எலும்பை எலும்போடு கட்டும் லிகமென்ட். மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் சேதி கொண்டுபோகும் உண்மையான நரம்பு இவை எதுவும் இல்லை. இதை அறியாமை என்று தள்ளிவிடாதீர்கள். யாழின் தந்தியையே நரம்பு என்று அழைத்த மொழி நம்முடையது. இழுத்துக் கட்டிய கயிறுபோல இருப்பதெல்லாம் நமக்கு நரம்புதான். ஆனால் படிக்கிற நீங்கள் இந்தக் கயிறுகளைப் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும். ஒவ்வொன்றும் ஆறும் விதம் வேறு, எடுத்துக்கொள்ளும் நாளும் வேறு.

பாடப்புத்தகத்தில் டெண்டன் ‘தசைநாண்’ என்று இருக்கும். வில்லின் நாணை நினைத்துக்கொண்டால் மறக்காது: தசை இழுக்கும், நாண் அந்த இழுப்பை எலும்புக்குக் கடத்தும். லிகமென்ட்டுக்கு ஒரு புத்தகத்தில் தசைநார், இன்னொன்றில் இணைப்புநார் என்று இருக்கும், மைதானத்தில் ‘ஜவ்வு’ என்பார்கள். பெயர் எதுவானாலும் எதை எதோடு கட்டுகிறது என்று பாருங்கள், குழப்பம் தீரும்.

சரி, இப்போது தரையில் உட்காருங்கள். அடிபடாத இடது காலை வலது தொடைமேல் போட்டுக்கொள்ளுங்கள். கட்டைவிரலால் ஒரு பக்கக் கணுவையும், நடுவிரலால் மறுபக்கக் கணுவையும் ஒரே நேரத்தில் பிடியுங்கள். எது கீழே இறங்கியிருக்கிறது? வெளிக்கணுதான். கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்து, கொஞ்சம் பின்தள்ளியும் இருக்கும். உட்கணு, முழங்காலுக்குக் கீழே உள்ள தடித்த எலும்பான டிபியாவின் முனை. வெளிக்கணு, அதன் பக்கத்தில் ஒல்லியாக இறங்கும் ஃபிபுலாவின் முனை. இந்த இரண்டும் இடுக்கிபோல் நடுவில் ஓர் எலும்பைக் கவ்விக்கொண்டிருக்கின்றன. அதன் பெயர் டேலஸ். இந்த டேலஸில் ஒரு தசைகூட ஒட்டியிருக்கவில்லை. உடம்பின் மொத்த எடையும் அதன் வழியாகத்தான் பாதத்துக்கு இறங்குகிறது, ஆனால் அதை அதனிடத்தில் நிறுத்திவைப்பதோ சுற்றியுள்ள எலும்புகளின் வடிவமும் லிகமென்ட்களும் மட்டும்தான்.

இன்னொரு சோதனையும் செய்யுங்கள். பாதவிரல்களை முகத்தை நோக்கி நன்றாக மேலே தூக்கிக்கொண்டு, குதிகாலைப் பிடித்து இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். இறுக்கமாக இருக்கும். அப்புறம் விரல்களைத் தரைநோக்கி நீட்டிக்கொண்டு அதையே செய்யுங்கள். லேசாக ஆடுவது தெரிகிறதா? டேலஸின் முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். பாதம் மேலே தூக்கியிருக்கும்போது அகலமான பகுதி இடுக்கிக்குள் போய் இறுகுகிறது. பாதம் கீழ்நோக்கி நீண்டால் குறுகிய பகுதி வந்து நிற்கிறது, பிடி தளர்கிறது.

உங்கள் ரைடை இப்போது நினைத்துப் பாருங்கள். பின்னால் நீண்ட காலைத்தான் அந்தப் பெண் பிடித்தாள். பாதம் கீழ்நோக்கி நீண்டு மூட்டு மிகத் தளர்வாக இருந்த நொடி அது. அந்த நிலையில் உடம்பு திரும்பியது. வெளிக்கணு தாழ்ந்து இருப்பதால் பாதம் வெளிப்பக்கமாகச் சாய்வதை அந்த எலும்பே தடுத்துவிடும். உட்பக்கத்தில் டெல்டாய்டு என்ற அகலமான, வலுவான லிகமென்ட்டும் இருக்கிறது. அதனால் மடிந்தால் பாதம் பெரும்பாலும் உள்பக்கமாகவே மடியும், விலை கொடுப்பது வெளிப்பக்க லிகமென்ட்கள். கபடியில் மட்டும் இல்லை, கைப்பந்தில் குதித்து இன்னொருவர் காலின்மேல் இறங்குபவருக்கும் இதே கதைதான்.

வெளிப்பக்கம் லிகமென்ட்கள் மூன்று. வெளிக்கணுவின் முன்விளிம்பிலிருந்து கட்டைவிரல் அகலம் முன்னால் நகர்த்திக் கொஞ்சம் கீழே இறக்கினால் விரல் ஒரு மெத்தென்ற பள்ளத்தில் விழும். முன்புற டேலோஃபிபுலர் லிகமென்ட் இருக்கும் இடம் அது. எங்கள் பேச்சில் ஏ.டி.எஃப்.எல். மூன்றில் மெலிந்தது, முதலில் கிழிவது. கணுவின் நுனியிலிருந்து குதிகால் எலும்புக்கு இறங்குவது இரண்டாவது, கால்கேனியோஃபிபுலர். பின்னால் இருக்கும் மூன்றாவது எளிதில் கிழியாது.

பெயர்களைக் கவனித்தீர்களா? டேலோஃபிபுலர் என்றால் டேலஸுக்கும் ஃபிபுலாவுக்கும் நடுவில். கால்கேனியோஃபிபுலர் என்றால் கால்கேனியஸ் என்ற குதிகால் எலும்புக்கும் ஃபிபுலாவுக்கும் நடுவில். உடற்கூறியலில் பெயர் என்பது பெரும்பாலும் முகவரிதான். நீங்கள் மனப்பாடம் செய்ய முயன்றது அர்த்தமில்லாத ஓசைகளை, அதனால்தான் நிற்கவில்லை. கல்லூரியில் நானும் முதல் ஆறு மாதம் அப்படித்தான் நெட்டுருப் போட்டேன். வாய்மொழித் தேர்வில் ஆசிரியர் என் காலையே காட்டி, ‘எங்கே இருக்கிறது, தொட்டுக் காட்டு’ என்றபோது கை நகரவில்லை.

இப்போது அடிபட்ட வலது காலுக்கு வாருங்கள். எக்ஸ்ரே தேவையா என்பதை முடிவுசெய்ய, 1992-இல் கனடாவின் ஒட்டாவா நகரில் இயன் ஸ்டீல் என்ற மருத்துவரின் குழு சில விதிகளை வகுத்தது. உலகம் முழுக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இன்றும் அவை பயன்படுகின்றன. இரு கணுக்களின் நுனியையும், அங்கிருந்து பின்விளிம்பில் மேல்நோக்கி 6 சென்டிமீட்டர் வரையிலும் அழுத்திப் பார்க்க வேண்டும். பாதத்தின் வெளிவிளிம்பில் பாதி வழியில் துருத்தும் எலும்பு, அதாவது சுண்டுவிரலுக்குப் போகும் ஐந்தாம் மெட்டாடார்சலின் அடி, அடுத்தது. உட்பக்கம் கணுவுக்கு முன்கீழே இருக்கும் நேவிகுலார் எலும்பு கடைசி. இவற்றில் எங்காவது எலும்பின்மேலேயே வலித்தால், அல்லது அடிபட்ட உடனும் மருத்துவர் பார்க்கும்போதும் நான்கு அடி எடுத்துவைக்க முடியாமல் இருந்தால், எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நொண்டியாவது நான்கு அடி வைத்தால் நடந்ததாகவே கணக்கு.

இந்த விதிகள் அடிபட்ட முதல் சில நாட்களுக்கானவை. உங்களுக்குப் பத்து நாள் ஆகிவிட்டது. அதனால் இப்போதும் அந்த எலும்புகளில் எங்காவது அழுத்தினால் வலிக்கிறது என்றால், நாளைக்கே எலும்பு மருத்துவரிடம் போய் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். ஐந்தாம் மெட்டாடார்சலின் அடியைக் குறிப்பாகப் பாருங்கள். வெளிக்கணுவுக்குப் பின்னால் ஓடிவரும் பெரோனியஸ் பிரெவிஸ் தசையின் டெண்டன் அங்கேதான் ஒட்டுகிறது. பாதம் மடியும்போது எலும்புத் துண்டைப் பெயர்த்துக்கொண்டு போகவும் கூடும். சுளுக்கு என்று நினைத்து விட்டுவிடும் முறிவுகளில் இதுவும் ஒன்று.

இன்னும் இரண்டைக் கவனியுங்கள். முழங்காலுக்கும் கணுவுக்கும் நடுவில் இரு எலும்புகளையும் சேர்த்து அமுக்கும்போது கீழே கணுவுக்கு மேல் வலித்தால், டிபியாவையும் ஃபிபுலாவையும் பிணைக்கும் லிகமென்ட்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம். அது ஆற அதிக நாள் பிடிக்கும், மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். பாதத்தின் மேல்பக்கம் மரத்துப்போயிருந்தாலோ, பாதத்தை மேலே தூக்க வலு இல்லாமல் இருந்தாலோ, அப்போதுதான் உண்மையிலேயே நரம்பு. அதையும் காட்டிவிடுங்கள்.

பாட்டி உருவியதைப் பற்றி. அவர் நல்லெண்ணத்தோடுதான் செய்தார். ஆனால் முதல் இரண்டு மூன்று நாட்களில் கிழிந்த நுண்குழாய்களிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். அப்போது அழுத்தி உருவினால் கசிவு கூடும். வீக்கம் ஏறியதற்கு அது காரணமாக இருந்திருக்கலாம். குதிகாலில் பாரித்த நீலத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கணுவில் கசிந்த ரத்தம் புவியீர்ப்பில் கீழே இறங்கித் தேங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

‘ஐஸ் வைக்காமல் விட்டோமே’ என்றும் வருந்த வேண்டாம். ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்திவைத்தல் என்ற சூத்திரத்தை 1978-இல் பிரபலமாக்கியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பிற்காலத்தில் அவரே மாற்றிச் சொன்னார். வலி தணிய, துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் ஐஸ் வைப்பதில் தப்பில்லை. ஆனால் லிகமென்ட்டை ஆற்றுவது அளவான சுமை, முழு ஓய்வு இல்லை. முதல் சில நாள் கட்டும் உயர்த்திவைத்தலும், அப்புறம் வலி அனுமதிக்கும் அளவுக்கு நடையும் என்பதுதான் இன்று நாங்கள் பின்பற்றும் முறை.

இனி ஏன் ஆடக்கூடாது என்ற விஷயம். வலி குறைந்தது, அழற்சி தணிந்ததால். கிழிந்த நார் சேர்ந்துவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. இப்போது உங்கள் கணுவில் உடம்பு அவசரமாக கொலாஜன் என்ற புரதத்தின் மெல்லிய இழையைத் தாறுமாறாகப் பின்னிக்கொண்டிருக்கிறது. அது இழுவிசையின் திசையில் ஒழுங்காகி, தடித்த இழையாக மாற வாரங்கள் வேண்டும். முழுமையாக முதிர மாதங்கள், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். ‘டக்’ சத்தமும் உடனடி வீக்கமும் பகுதிக் கிழிசலாவது இருக்கும் என்று சொல்கின்றன. லேசான சுளுக்கு இரண்டு மூன்று வாரத்தில் ஆட்டத்துக்குத் திரும்பும். நடுத்தரமானதற்கு நான்கு முதல் ஆறு வாரம். முழுக்கக் கிழிந்திருந்தால் மூன்று மாதம்வரை போகலாம். அடிபட்ட அன்றைக்கு வீக்கத்தில் எதுவும் பிடிபடாது. ஐந்தாறு நாள் கழித்துப் பாதத்தை முன்னால் இழுத்துப் பார்க்கும் சோதனைதான் உண்மையைச் சொல்லும். ஆகவே இந்த வாரமே ஓர் இயன்முறை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. லிகமென்ட் வெறும் கட்டுக்கயிறு இல்லை. மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்முனைகள் அதில் இருக்கின்றன. கிழியும்போது அந்தச் சேதியும் குலைகிறது. சோதித்துப் பாருங்கள்: சுவர் பக்கத்தில், இடது காலில் மட்டும் நின்று கண்ணை மூடுங்கள். அப்புறம் வலது காலில். வித்தியாசம் உடனே தெரியும். மடங்கப்போகும் பாதத்தை, யோசிப்பதற்கு முன்பே நிமிர்த்த வேண்டிய பெரோனியஸ் தசைகளுக்கு எச்சரிக்கை தாமதமாகப் போய்ச் சேர்கிறது. ஒருமுறை சுளுக்கிய கணு மறுபடி சுளுக்குவதற்கு இது ஒரு பெரிய காரணம். மூன்றாவது முறை சுளுக்கிக்கொண்டு வந்த ஒரு கைப்பந்து வீரரைப் பார்த்தேன். வயது பத்தொன்பது. சமதரையில் நடக்கும்போதே கால் மடிகிறது என்றார். முதல் சுளுக்குக்குப் பின் எத்தனை நாள் பயிற்சி செய்தீர்கள் என்று கேட்டேன். ‘வலி போனதும் ஆடப் போய்ட்டேன் சார்’ என்றார்.

எக்ஸ்ரே தேவையில்லை என்று ஆனால், இன்றிலிருந்து தொடங்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து, பெருவிரலைப் பேனாவாக நினைத்து, காற்றில் ‘அ’ முதல் ‘ஔ’ வரை பெரிதாக எழுதுங்கள். ‘இ’யும் ‘ஐ’யும் கணுவை எல்லாத் திசையிலும் சுழற்றிவிடும். சுவரோரம் நின்று, குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள், பெருவிரல் சுவரிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் தள்ளியிருக்கிறது என்று இரு காலுக்கும் அளந்து எழுதிவையுங்கள். ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டி வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். பல் துலக்கும்போது வலது காலில் மட்டும் நில்லுங்கள். ஒற்றைக்காலில் குதிகாலை உயர்த்துவது, அப்புறம் ஒற்றைக்கால் குதிப்பு, கடைசியாகப் பக்கவாட்டு ஓட்டமும் திடீர்த் திருப்பமும். சுவர்த் தூரம், குதிகால் உயர்த்தும் எண்ணிக்கை, குதிக்கும் தூரம் மூன்றிலும் வலது கால் இடது காலை எட்டிப்பிடித்த பிறகுதான் ஆடுகளத்தில் இறங்க வேண்டும். இறங்கும்போதும் முதல் சில மாதம் கணுக்கால் பிரேஸ் அல்லது டேப் போட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே சுளுக்கியவர்களுக்கு அது மறுசுளுக்கைக் குறைக்கிறது.

தேர்வுக்கு ஒரு விஷயம் பாக்கி. கணுவைக் கடந்து போகும் தசைகளின் வேலையை மனப்பாடம் செய்யாதீர்கள். டெண்டன் எந்தப் பக்கமாகப் போகிறது என்று பாருங்கள். கணுவுக்கு முன்னால் போனால் பாதத்தை மேலே தூக்கும், பின்னால் போனால் கீழே தள்ளும். உட்பக்கம் போனால் உள்ளே திருப்பும், வெளிப்பக்கம் போனால் வெளியே திருப்பும். பாதத்தை மேலே தூக்கி உள்ளே திருப்புங்கள், கணுவின் முன்னால் உட்பக்கம் ஒரு கயிறு எழும்பும்: டிபியாலிஸ் ஆன்டீரியர். வெளியே திருப்புங்கள், வெளிக்கணுவின் பின்னால் இரண்டு கயிறுகள் எழும்பும்: பெரோனியஸ் லாங்கஸும் பிரெவிஸும். இன்று இரவு பால்பாயிண்ட் பேனாவை எடுத்து, இடது காலில் மூன்று லிகமென்ட்களையும் இந்த டெண்டன்களையும் வரைந்து பெயர் எழுதுங்கள். நாளை குளித்ததும் அழிந்துபோகும், மறுபடி வரையுங்கள். ஒரு வாரத்தில் புத்தகத்தைப் பார்க்காமலே கை வரையும். அதே கையால் வலது காலையும் தினமும் தொட்டுப் பாருங்கள். ஏ.டி.எஃப்.எல். பள்ளத்தில் அழுத்தும்போது வலி எவ்வளவு என்று சுவர்த் தூரத்துக்குப் பக்கத்திலேயே தேதி போட்டுக் குறித்துவைத்துக்கொண்டு, இயன்முறை மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளையும் எடுத்துப் போங்கள்.