பாட்டியின் நீலக்கல்லை மறுபடி பட்டை தீட்டலாமா?

கேள்வி: சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்து கோத்தகிரியில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. அதற்கு முன் இரத்தினபுரி பக்கம் தோட்டத்தில் இருந்தோம். பாட்டி கல்யாணத்துக்குப் போட்ட நீலக்கல் மோதிரம் இப்போது என்னிடம் இருக்கிறது. கோவையில் வழக்கமாக நகை எடுக்கும் கடையில் கல்லைக் கழற்றி எடை போட்டார்கள், 4.10 காரட். "வெட்டு கோணலாக இருக்கிறது, அடி தொப்பை போட்டிருக்கிறது. பாங்காக் கட்டிங்காக மாற்றிவிட்டால் ஜொலிக்கும்" என்கிறார் கடைக்காரர். கொடுக்கலாமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள் அம்மா. கடைக்காரர் சொன்னதில் பொய் இல்லை, ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார்.

இலங்கையின் பழைய பட்டறைகளில் வில்லை இழுத்துச் சுழற்றும் கைச்சாணையில்தான் கல் தீட்டினார்கள். ஒரு கையில் வில், மறுகையில் குச்சி நுனியில் ஒட்டிய கல். கோணம் பார்க்கக் கருவி கிடையாது, எல்லாம் கண் மதிப்புதான். காரட் கணக்கில் விலை போகும் பொருள் என்பதால் எடையைச் சிந்தாமல் காப்பாற்றுவதே முதல் நோக்கம். அதனால்தான் அந்தக் கால இலங்கைக் கற்களுக்கு அடி கனமாகவும், அடிமுனை நடுவில் இல்லாமல் ஒதுங்கியும் இருக்கும். தாய்லாந்தில் பாங்காக், சந்தபுரி பட்டறைக்காரர்கள் கோணத்தைக் கருவியில் பூட்டி, அளவு பிசகாமல் வெட்டிப் பெயர் வாங்கினார்கள். இப்போது இரத்தினபுரியிலும் பேருவளையிலும் அதே மாதிரி கருவிகள் வந்துவிட்டன. இன்றைய வாங்குபவர் கண்ணுக்கு உங்கள் கல் கோணலாகப் படுவது இயல்புதான்.

ஆனால் அந்தத் தொப்பைக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். இலங்கை நீலக்கற்கள் பலவற்றில் நிறம் கல் முழுக்கப் பரவியிருக்காது, ஓரிடத்தில் திட்டாகத் தேங்கியிருக்கும். பழைய வேலைக்காரர்கள் அந்தத் திட்டு அடிமுனையில் விழும்படி வெட்டுவார்கள். மேலிருந்து பார்த்தால் கல் முழுவதும் நீலமாகத் தெரியும், பக்கவாட்டில் திருப்பினால் பாதி கல் வெறும் தண்ணீர் நிறம். அந்த அடியைச் செதுக்கினால் நீலமும் சாணைத் தூளோடு போய்விடும். மிஞ்சுவது நன்றாகப் பட்டை தீட்டிய ஒரு வெளிர்க்கல்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். கல் கழற்றித்தானே இருக்கிறது? வெள்ளைப் பீங்கான் கோப்பையில் தண்ணீர் ஊற்றி, கல்லை ஒருக்களித்துப் போடுங்கள். நீலம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் துடைத்து, செய்தித்தாளின் எழுத்துமேல் முகம் மேலாக வையுங்கள். நடுவில் எழுத்தைப் படிக்க முடிந்தால் அதைத்தான் தொழிலில் 'ஜன்னல்' என்பார்கள். அடிச்சரிவு போதாமல் வெளிச்சம் திரும்பாமல் நேரே கீழே ஓடிவிடுகிறது. ஜன்னல் பெரிதாக இருந்து, நிறமும் பரவலாக இருந்தால் மட்டுமே மறுவெட்டைப் பற்றி யோசிக்கலாம். அதுவும் பகல் வெளிச்சத்தில் பார்த்து முடிவெடுங்கள். கடையின் சின்ன ஸ்பாட் விளக்கில் சோடா பாட்டில் துண்டும் மின்னும். நம் ஊர் மேகமூட்டப் பகல் கல்லின் நிறம் பார்க்க அருமையானது.

எதற்கும் முன்னால் லேப் சோதனை செய்துவிடுங்கள். ஜெய்ப்பூரிலும் மும்பையிலும் நம்பகமான லேப்கள் உண்டு. இயற்கைக் கல்தானா என்பது முதல் கேள்வி, ஏனென்றால் செயற்கை நீலக்கல் நூறு ஆண்டுகளுக்கு மேலாகவே சந்தையில் இருக்கிறது. பாட்டி காலத்துக் கல் என்பது மட்டும் சாட்சி ஆகாது. இரண்டாவது, சூடேற்றியதா என்பது. வெளிறிய இலங்கைக் கற்களைத் தாய்லாந்து வியாபாரிகள் வாங்கிச் சூடேற்றி நீலமாக்கும் வழக்கம் 1970-களில்தான் பெரிதாகப் பரவியது. உங்கள் கல் அதற்கு முந்தையது என்பதால் சூடு படாததாக இருக்க வாய்ப்பு உண்டு. அப்படி ரிப்போர்ட் வந்தால், கோணல் வெட்டோடு சேர்த்தே நல்ல விலை கிடைக்கும்.

இதற்குப் பிறகும் தீட்டத்தான் வேண்டும் என்றால், எவ்வளவு எடை மிஞ்சும் என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். ஐந்தில் ஒரு பங்கு போனாலும் 4.10 காரட் கிட்டத்தட்ட 3.3-க்கு இறங்கிவிடும். கண்ணெதிரே எடை போட்டு, இரண்டு தசமம் வரை ரசீதில் குறித்து, நாலாபக்கமும் போட்டோ எடுத்த பிறகே கல்லைக் கையைவிட்டு விடுங்கள். என்னைக் கேட்டால், மோதிரத்தின் கட்டடத்தை மட்டும் புதிதாகச் செய்துகொண்டு கல்லை அப்படியே விட்டுவிடுவேன்.

கேள்வி: ஊட்டியில் 900 ரூபாய்க்கு அமெதிஸ்ட் தோடு வாங்கினேன். பட்டைகள் அச்சில் வார்த்தது மாதிரி ஒரே அளவு. இந்த விலைக்கு இவ்வளவு நல்ல வெட்டு வருமா? கண்ணாடியைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகர், குன்னூர்

பதில்: வரும். வெட்டு சுத்தமாக இருந்தால் கல் ஒசத்தி என்பது பழைய கணக்கு. திருச்சியிலும் சுற்றுக் கிராமங்களிலும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செயற்கை வைரக்கல் பட்டை தீட்டியே பல குடும்பங்கள் பிழைத்தன. சீனாவின் வூசோ நகரத்து இயந்திரங்கள் அதே கல்லை மலிவாகவும் ஒன்றுக்கொன்று வித்தியாசம் இல்லாமலும் கொட்ட ஆரம்பித்ததும் அந்தத் தொழில் நொடித்துப்போனது. இன்று மலிவுக் கற்களில்தான் பிசகே இல்லாத வெட்டு அதிகம். விலை உயர்ந்த கல்லில், எடை போய்விடுமே என்று கொஞ்சம் கோணலைப் பொறுத்துக்கொள்வார்கள்.

அமெதிஸ்ட் இயற்கையிலேயே மலிவான கல்தான். பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். உருண்டைக் குமிழியும் மழுங்கிய பட்டை ஓரமும் தெரிந்தால் கண்ணாடி என்று சந்தேகப்படலாம். தொட்டால் சில்லென்று இருந்தால் அசல் என்பார்கள். ஊட்டி டிசம்பரில் பிளாஸ்டிக் சீப்பும் சில்லென்றுதான் இருக்கும். இயற்கையா, ஆய்வகத்தில் வளர்த்ததா என்று லேபில்தான் தெரியும். 900 ரூபாய்த் தோட்டுக்கு அந்தச் செலவு வேண்டாம், போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கொடைக்கானலில் ஹால்மார்க் மோதிரம் வாங்கினேன். சான்றிதழில் கல்லுக்கு 'மிக்ஸட் கட்' என்று போட்டிருக்கிறது. தரமான வெட்டு என்று அர்த்தமா?
– வாசகர், பெருமாள்மலை

பதில்: இல்லை. அது வெட்டின் வகை மட்டும், மேலே ஒரு பாணி, கீழே வேறு பாணி. வட்ட வைரத்துக்கு ஜிஐஏ என்ற அமெரிக்க ரத்தினக்கல் ஆய்வு நிறுவனம் 2006 முதல் வெட்டுக்குத் தரம் போடுகிறது. நிறக்கற்களின் வழக்கமான ரிப்போர்ட்டில் அப்படி ஒன்று இருக்காது, நீங்களேதான் பார்க்க வேண்டும். ஹால்மார்க்கும் தங்கத்தின் சுத்தத்துக்குத்தான், கல்லுக்கு அல்ல. பில்லில் தங்க எடை, கல்லின் எடை, கல்லின் பெயர் மூன்றும் தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். கல் எடையையும் தங்க விலையில் சேர்த்திருந்தால் முதலில் கடையில் கேளுங்கள். மசியவில்லை என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது.