நீலக்கல்லை உள்ளங்கைக்குள் திருப்ப வேண்டாம்

வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எனக்கு 27 வயது. தண்டையார்பேட்டையில் பெற்றோருடன் வசிக்கிறேன். ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சென்ற மாதம் எனக்குத் திருமணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குத் திருவொற்றியூர். மோதிரம் மாற்றிக்கொள்வது என்று இரு வீட்டிலும் பேசி முடிவானபோது, எனக்கு நீலக்கல் பதித்த மோதிரம்தான் வேண்டும் என்று நானே அவரிடம் கேட்டேன். இருட்டுவதற்குச் சற்று முன்னால் காசிமேட்டுக் கடல் ஒரு கருநீலம் கொள்ளும். சிறுவயதில் அப்பாவின் தோளில் அமர்ந்து அதைப் பார்த்தவள் நான். அவரும் மறுபேச்சில்லாமல் சம்மதித்து, இரண்டு சனிக்கிழமைகள் என்னோடு என்.எஸ்.சி. போஸ் சாலையில் கடை கடையாக ஏறி இறங்கி, ஒன்றரை காரட் எடையுள்ள இலங்கைக் கல்லைப் பரிசோதனைச் சான்றிதழோடு வாங்கினார். அன்று நான் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

இப்போது அந்த மகிழ்ச்சி இல்லை. "நிச்சயத்துக்குப் போய் யாராவது சனியின் கல்லை விரலில் ஏற்றுவார்களா?" என்று என் அத்தை மண்டபத்திலேயே கேட்டுவிட்டார். "வைரம் வாங்கித் தரவில்லையா? மாப்பிள்ளை கொஞ்சம் சிக்கனமோ?" என்கிறார்கள் அலுவலகத் தோழிகள். "ஆத்திர அவசரத்துக்கு அடகு வைத்தால்கூட ஒன்றும் தேறாதே" என்று அவருடைய பெரியம்மா வருத்தப்படுகிறார். யாராவது எதிரில் வந்தால் கல்லை உள்ளங்கைப் பக்கம் திருப்பிக்கொள்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது. சென்ற வாரம் பேருந்தில் அப்படித் திருப்பியபடியே கம்பியைப் பிடித்தபோது, கல் கம்பியில் உரசிய சத்தம் கேட்டு, பக்கத்தில் நின்றிருந்த மாப்பிள்ளை என் கையைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மோதிரத்தை மாற்றிவிடலாமா? அல்லது இதையே தைரியமாக அணிந்துகொள்ள என்ன வழி?

— வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: மாற்ற வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் எழுதியிருப்பதில் அந்த மோதிரத்தை உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று ஓரிடத்தில்கூட இல்லை. நீங்களே ஆசைப்பட்டுக் கேட்டு, நீங்களே பார்த்து எடுத்த கல் அது. அதைக் குறை சொன்ன மூவரும் மூன்று வேறு காரணங்களுக்காகச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றையும் ஒன்றாகக் கட்டி நெஞ்சில் சுமப்பதால்தான் பாரம் இவ்வளவு தெரிகிறது.

உங்கள் அத்தை சொன்னதை மட்டும் ஏளனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது பயம். அண்ணன் மகளுக்கு ஒரு குறையும் வந்துவிடக் கூடாதே என்ற பயம், மண்டபத்தில் நாலு பேர் முன்னால் தவறான நேரத்தில் வெளிப்பட்டுவிட்டது. நீலம் எல்லோருக்கும் ஒத்துவராது, மூன்று நாள் தலையணைக்கு அடியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அணிய வேண்டும் என்று கேட்டு வளர்ந்த தலைமுறை அவருடையது. ஆனால் அதே தலைமுறையில் வைரத்துக்கும் இந்தப் பரீட்சை இருந்ததை அவருக்கு நினைவூட்டலாம். வைரத் தோடு வாங்கினால் சில நாள் வீட்டில் வைத்துப் பார்த்து, நல்லது நடந்தால் வைத்துக்கொள்வது, மனத்துக்குச் சரிப்படவில்லை என்றால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுவது என்ற வழக்கம் நம் வீடுகளில் இருந்தது. கல்லில் கரும்புள்ளி தெரிந்தால் தோஷம் என்று ஒதுக்கினார்கள். நவரத்தின மோதிரத்தை மங்கலமாகப் போற்றுகிற நம் மக்கள், அந்த ஒன்பதில் ஒன்றாக நீலமும் இருப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. சனி கொடுத்தால் யார் தடுப்பார் என்று சொல்வதும் நம் ஊர் வாய்தானே?

சோதிட முறைப்படி பரிகாரமாக நீலம் அணிபவர்கள் சனிக்கிழமை பார்த்து, நடுவிரலில், கல் தோலைத் தொடும்படி அடிப்பக்கம் திறந்து கட்டி அணிவார்கள். உங்களுடையது மோதிர விரலில் அலங்காரமாக அணியும் நிச்சய மோதிரம். இந்த விளக்கம் அத்தைக்குப் போதவில்லை என்றால், குடும்பச் சோதிடரிடம் அவரையே அழைத்துக்கொண்டு போய் ஒருமுறை கேட்டுவிடுங்கள். நம்பிக்கை உள்ளவரிடம் வாதாடுவதைவிட, அவர் நம்புகிற இடத்திலேயே பதில் வாங்கிக் கொடுப்பது மரியாதை. உங்களுக்கே அந்த நம்பிக்கை உள்ளுக்குள் இருந்தாலும் இதையேதான் சொல்வேன். சந்தேகத்தோடு அணிகிற நகை, எந்தக் கல்லாக இருந்தாலும், விரலில் உறுத்திக்கொண்டுதான் இருக்கும்.

அலுவலகத் தோழிகளுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிய கடமையே இல்லை. இருந்தாலும் உங்கள் மனத்துக்காகச் சிலவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நிச்சயத் தாம்பூலம் மாற்றுவதுதான் நம் பழைய வழக்கம்; மோதிரம் மாற்றுவது பெரும்பாலான வீடுகளில் பிற்பாடு வந்து சேர்ந்தது. அந்த மோதிரத்தில் வைரம்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அதற்கும் பிற்பாடு, விளம்பரத்தின் வழியாக வந்தது. வைரம் என்றென்றைக்குமானது என்ற பொருள் தரும் வாசகத்தை, டி பியர்ஸ் என்ற வைர நிறுவனத்துக்காக ஓர் அமெரிக்க விளம்பர நிறுவனம் 1947-இல் எழுதிக் கொடுத்தது. ஒரு வியாபாரி தன் சரக்கைப் புகழ்ந்ததில் தவறில்லை; அதைச் சாத்திரமாக எடுத்துக்கொண்டு இன்னொருவருடைய வருங்காலக் கணவரின் கைச்செலவை அளப்பதுதான் தவறு. நல்ல நிறமும் தெளிவும் கொண்ட, நிறம் கூட்டுவதற்காகச் சூடேற்றாத நீலம் அதே எடையுள்ள நடுத்தர வைரத்தைவிடச் சில நேரங்களில் விலை கூடுதலாகவும் இருக்கக்கூடும். ஆனால் விலையைச் சொல்லி அவர்கள் வாயை அடைக்க முயல வேண்டாம். விலையால் வாங்கிய மதிப்பு, அடுத்த மேசைக்காரி இன்னும் விலை கூடியதை அணிந்து வருகிற அன்றைக்கே போய்விடும்.

அன்று இங்கிலாந்து இளவரசராக இருந்த சார்லஸ் 1981-இல் டயானாவுக்கு அணிவித்த நிச்சய மோதிரத்திலும் இலங்கை நீலம்தான், 12 காரட் எடையில், சுற்றிலும் சிறு வைரங்களோடு இருந்தது. கடையின் விலைப்பட்டியலில் யார் வேண்டுமானாலும் பார்த்து வாங்கக்கூடிய மோதிரத்தைப் போய் இளவரசி அணிவதா என்று அன்று அதற்கும் குறை சொன்னார்கள். அந்தத் திருமணம் முறிந்ததே என்று உங்கள் அத்தை கேட்கக்கூடும். கேட்டால், தாயின் அதே மோதிரத்தைத்தான் 2010-இல் மகன் வில்லியம் தான் மணக்கவிருந்த பெண்ணுக்கு அணிவித்தார், அந்தக் குடும்பத்தில் இன்று மூன்று பிள்ளைகள் என்று சொல்லுங்கள். ஒரு மணவாழ்க்கை முறிவதற்கும் நிலைப்பதற்கும் காரணத்தைக் கல்லில் தேடக் கூடாது.

பெரியம்மா கவலைப்பட்டதில் உண்மை இருக்கிறது. தங்கத்துக்கு அன்றாடம் சந்தை விலை உண்டு. நீலத்துக்கு அப்படி நிலையான விலை கிடையாது. அடகுக் கடையானாலும் வங்கி நகைக்கடன் ஆனாலும், கல் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்குத்தான் பணம் தருவார்கள். ஆனால் அங்கே வைரத்தையும் அப்படித்தான் கழிப்பார்கள். எனவே அவரிடம், "அவசரத்துக்கு வைக்க வளையல் இருக்கிறது பெரியம்மா, இந்த மோதிரம் அடகுக்குப் போகவே போகாது" என்று சிரித்த முகத்தோடு சொல்லுங்கள். குடும்பம் நடத்தி, இல்லாமையைப் பார்த்த பெண்கள் இப்படித்தான் எதையும் எடை போடுவார்கள். அதில் உங்கள் மீது வெறுப்பு ஏதும் இல்லை.

இனி, உங்கள் கையிலிருக்கும் கல்லைப் பற்றிச் சொல்கிறேன். தைரியத்துக்கு என்ன வழி என்று கேட்டீர்கள். எனக்குத் தெரிந்த வழி, அதை நன்றாக அறிந்துகொள்வது. நீலமும் மாணிக்கமும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். இரண்டுமே குருந்தம் என்ற கனிமம். அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்து இறுகியது. அதில் துளி குரோமியம் கலந்தால் மாணிக்கச் சிவப்பு. இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரத்துக்கு 10, நீலத்துக்கு 9. நம் தெருப்புழுதியில் இருக்கும் குவார்ட்ஸ் மணலுக்கு 7 என்பதால், சரக்கு லாரிகள் ஓடும் எண்ணூர் நெடுஞ்சாலையில் நாள்தோறும் போய் வந்தாலும் அந்தப் புழுதியால் உங்கள் கல்லில் கீறல் விழாது. மரகதத்தை அன்றாடம் அணியப் பலர் தயங்குவார்கள். நீலத்துக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை. பேருந்துக் கம்பியாலும் கல்லுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கல்லைப் பிடித்திருக்கும் தங்கப் பிடிகள்தான் அப்படி உரசி உரசி வளையும். அதற்காகவாவது கல்லை வெளிப்பக்கமே வைத்திருங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வெயில் நேரடியாக விழாத சன்னல் ஓரத்தில் அமர்ந்து, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சிறு லென்ஸ் வழியாக அந்தக் கல்லுக்குள் பாருங்கள். நிறம் எங்கும் ஒரே சீராக இருக்காது. ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் வெளிறியும், நேர்க்கோடுகளாகப் பட்டை பட்டையாகத் தெரியக்கூடும். கல் சூடேற்றப்படாததாக இருந்தால், பட்டுநூலைக் கத்தரித்துத் தூவியதுபோல மெல்லிய இழைகள் குறுக்கும் நெடுக்குமாகத் தென்படலாம். வியாபாரத்தில் அதைப் பட்டு என்றே சொல்வார்கள். இலங்கையில் இரத்தினபுரிப் பக்கம், வயலுக்கு அடியிலுள்ள சரளை மண்ணைத் தோண்டி, கூடையில் அள்ளி, தண்ணீரில் அலசிக் கல்லைப் பொறுக்குகிறார்கள். மனிதன் பிறப்பதற்கு எத்தனையோ கோடி ஆண்டுகளுக்கு முன்னால் பாறைக்குள் உண்டான ஒன்று, உங்கள் விரலில் வந்து அமர்ந்திருக்கிறது. ஒருமுறை அதை உள்ளே பார்த்துவிட்டால் கையை மறைக்கத் தோன்றாது என்றே நம்புகிறேன். அப்படிப் பார்க்கும்போது அவரையும் பக்கத்தில் அமர்த்திக்கொள்ளுங்கள். பேருந்தில் அவர் கேட்காமல் விட்ட கேள்விக்கு, நீங்களே முன்வந்து பதில் சொல்லுங்கள்: நான் ஊர் வாய்க்கு அஞ்சித் திருப்பினேன், உங்கள் பரிசை வெறுத்து அல்ல என்று. இந்த மோதிரத்தின் பொருட்டு நீங்கள் விளக்கம் சொல்லியே ஆக வேண்டிய ஒரே மனிதர் அவர்தான்.

கேள்வி: என் மகனும் நிச்சயத்துக்கு நீலக்கல் மோதிரம்தான் வேண்டும் என்கிறான். கடையில் எதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டும்?

— வாசகி, பெரம்பூர்

பதில்: நான் ஏமாந்த கதையைச் சொன்னால் உங்களுக்குப் பயன்படும். பல ஆண்டுகளுக்கு முன், தம்பி மகளுக்காக நகரின் ஒரு கடையில் நீலக்கல் மோதிரம் வாங்கினேன். எடைக்கும் பளபளப்புக்கும் விலை மிகக் குறைவாக இருந்ததை என் சாமர்த்தியம் என்று எண்ணிக்கொண்டேன். சான்றிதழ் கேட்கவில்லை. அளவு சற்று இறுக்கமாக இருந்ததால் எங்கள் தெரு ஆசாரியிடம் பெரிதாக்கக் கொடுத்தேன்; அவர் ஊதுகுழாயில் சூடு காட்டியதும் கல்லுக்குள் வெடிப்புகள் வெள்ளை வெள்ளையாகத் தோன்றின. நிறமில்லாத மட்டமான குருந்தத்தின் வெடிப்புகளில் நீலக் கண்ணாடியை உருக்கி நிரப்பியிருந்தார்கள். அந்தப் பிள்ளையின் முகம் வாடியதை இன்றும் மறக்க முடியவில்லை.

ஆகவே, பரிசோதனைக் கூடத்தின் சான்றிதழ் இல்லாமல் வாங்காதீர்கள். இயற்கைக் கல்லா, ஆய்வுக்கூடத்தில் வளர்த்ததா, சூடேற்றியதா, கண்ணாடி நிரப்பியதா என்பது அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். சூடேற்றிய கல் என்றால் அஞ்ச வேண்டாம். சந்தைக்கு வரும் நீலங்களில் பெரும்பகுதி நிறம் கூட்டுவதற்காகச் சூடேற்றப்பட்டதே, வியாபாரி அதை மறைக்காமல் சொல்லி அதற்கேற்ற விலை போட்டால் போதும். மோதிரத்துக்கு 22 காரட்டைவிட 18 காரட் தங்கம் உறுதியானது. பிடிகள் எளிதில் வளையாது. அதில் 18 காரட்டைக் குறிக்கும் 750 என்ற ஹால்மார்க் முத்திரையும், 2023 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கப்பட்ட, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. என்ற நகை அடையாளக் குறியீடும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ரசீதில் தங்கத்தின் எடை தனியாகவும் கல்லின் எடை தனியாகவும் இருக்க வேண்டும். கல் எடையைக் கழிக்காமல் மொத்த எடைக்கும் தங்க விலையும் சேதாரமும் போட்டால் அங்கேயே நின்று கேளுங்கள்.

கேள்வி: நீலக்கல் மோதிரத்தை வீட்டிலேயே கழுவலாமா?

— வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: தாராளமாக. பூந்திக்கொட்டை ஊறிய வெதுவெதுப்பான தண்ணீரிலோ, மென்மையான சோப்புத் தண்ணீரிலோ கால் மணி நேரம் போட்டுவைத்து, குழந்தைகளுக்கான மெல்லிய பல் துலக்கியால் கல்லின் அடிப்பக்கத்தைத் தேய்த்துவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு சேர்ந்து கல் மங்கித் தெரிவது அந்தப் பக்கத்தில்தான். கண்ணாடி நிரப்பிய கல்லாக இருக்குமோ என்ற ஐயம் இருந்தால், எலுமிச்சையும் புளியும் அதன் மேல் படவே கூடாது. கழுவுவதைத் தொட்டியின் வடிகால் துளைக்கு மேல் செய்யாமல், ஒரு கிண்ணத்தில் செய்யுங்கள்; கை நழுவினாலும் மோதிரம் தொலையாது.