படைக்கணக்கும் பாத்திரமும்

வணக்கம். நண்பர்களோடு ஆடும் ரோல்பிளேயிங் கேமுக்காக (ஆளுக்கொரு பாத்திரமாகி, பேசியே கதையை நடத்தும் விளையாட்டு) ஒரு கற்பனை உலகத்தை உருவாக்கினேன். ஐந்து அரசுகள், கோட்டைகள், படைபலம் எல்லாம் உண்டு. ஆனால் ஆட்டம் சதுரங்கம் மாதிரி ஆகிவிடுகிறது. யாரும் தன் பாத்திரமாகப் பேசுவதில்லை. எந்தக் கணவாயை அடைக்கலாம் என்பதே பேச்சு. போர் விதிகளை நீக்கிவிடலாமா?
ர.

அன்புள்ள ர.,

நீங்கள் அனுப்பிய குறிப்புகளைப் படித்தேன். குதிரைப்படைக்கே நான்கு பக்கம். பெயருள்ள மனிதர்கள் மூன்றே பேர். நண்பர்களைக் குறை சொல்லாதீர்கள், கொடுத்த உலகத்தைச் சரியாகத்தான் ஆடியிருக்கிறார்கள்.

இந்த விளையாட்டே போர் விளையாட்டின் பிள்ளைதான். 1969இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி நெப்போலியன் காலப் போர் ஒன்றை மேசை விளையாட்டாக நடத்தியபோது, படைகளுக்கு நடுவே சிக்கிய ஊரின் ஆட்களாகவும் சிலரை ஆடவைத்தார். ஆளுக்கொரு ரகசிய நோக்கம். ஆட்டம் ஒரே களேபரமாகி, தோற்றுவிட்டோம் என்றே நினைத்தார். ஆடியவர்களோ இன்னொன்று வேண்டும் என்றார்கள். அந்தக் குழுவிலிருந்த டேவ் ஆர்னெசன்தான் பிறகு கேரி கைகாக்ஸோடு சேர்ந்து 1974இல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற ரோல்பிளேயிங் கேமைக் கொண்டுவந்தவர். அதில் பாத்திரம் வளர உதவும் அனுபவப் புள்ளி கிடைத்தது புதையலுக்கும் அரக்கர்களைக் கொல்வதற்கும். ஆடியவர்களும் அதையே தேடிப் போனார்கள்.

கிரெக் ஸ்டாஃபோர்டின் ‘பென்டிராகன்’ (1985) என்ற ஆட்டம் வேறு மாதிரி. அதில் ஒரு வீரனின் துணிவுக்கும் கோழைத்தனத்துக்கும் தரும் எண்கள் சேர்ந்து எப்போதும் 20. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். அங்கேயும் போர் உண்டு, ஆனால் பகடை சில சமயம் அவன் மனசுக்காகவும் உருளும்.

ஆகவே போர் விதிகளை நீக்க வேண்டாம். நான் ஒருமுறை நீக்கிப் பார்த்தேன். நாலு மணி நேரம் எல்லாரும் அழகாகப் பேசினார்கள், ஒன்றுமே நடக்கவில்லை. இழப்பதற்கு எதுவும் இல்லையே!

கணவாயைத் திருத்தி எழுதுங்கள். ‘காவல் 400 பேர்’ என்பது இருக்கட்டும். அந்தக் காவல் தலைவன் ஆடுபவர்களில் ஒருவரின் உயிரை முன்பு காப்பாற்றியவன். அவன் மகள் கணவாய்க்கு அப்பால் வாழ்கிறாள். இப்போது அடைக்கச் சொல்லுங்கள் பார்ப்போம்! அப்புறம், கோட்டையைப் பிடித்ததற்குத் தரும் புள்ளியைக் கொடுத்த வாக்குக்குத் தாருங்கள். காப்பாற்றினாலும் சரி, மீறினாலும் சரி.

வரைபடத்தை மட்டும் மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். மேலிருந்து பார்த்தால் எல்லாரும் தளபதிதான். வழியை ஓர் ஆடு மேய்ப்பவனிடம் கேட்கட்டும். அவன் சொல்வதில் பாதி தப்பாக இருக்கட்டும்.