கண் சிவந்தால் எல்லாம் மெட்ராஸ் ஐ இல்லை: கேள்வி பதில்

மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பரிசோதனை வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது கொடைக்கானல் பக்கம் வில்பட்டியில் இருக்கிறேன். டாக்டர் இல்லை. கண்ணுக்குள் வரும் அழற்சியைப் பற்றி, அதாவது யுவியைட்டிஸ், கேளுங்கள் என்றேன். வந்து குவிந்துவிட்டது.

பூம்பாறை: அக்கா, மூன்று நாளாக வலது கண் சிவப்பு. பீளை இல்லை. பூண்டுக் காட்டில் வெயிலைப் பார்க்க முடியவில்லை. மெட்ராஸ் ஐயா?

பீளை இல்லை என்றதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மெட்ராஸ் ஐ என்றால் காலையில் இமை ஒட்டிக்கொள்ளும், மண் விழுந்தது போல உறுத்தும், பார்வை பெரும்பாலும் கெடாது. உள்ளே அழற்சி என்றால் கருவிழியை ஒட்டி வளையம் போலச் சிவப்பு, ஆழத்தில் வலி, கூச்சம், மங்கல். நல்ல கண்ணில் டார்ச் அடித்தால்கூட நோயுள்ள கண் வலிக்கும், ஏனென்றால் இரண்டு கண்மணியும் சேர்ந்துதான் சுருங்கும். ஸ்லிட் லாம்ப் என்ற கண் பரிசோதனைக் கருவியில் பார்த்தால், ஓட்டைக் கூரை வழியே விழும் வெயில் கீற்றில் தூசி மிதக்குமே, அப்படி வெள்ளணுக்கள் மிதக்கும். நாள் கடத்தினால் கண்மணியின் ஓரம் பின்னால் இருக்கும் லென்ஸில் ஒட்டி, வட்டம் கோணலாகிவிடும். அதுவரை காத்திருக்காதீர்கள், நாளையே காட்டுங்கள்.

பண்ணைக்காடு: வலியும் இல்லை, சிவப்பும் இல்லை, கொசு பறப்பது மாதிரி தெரிகிறது.

ரொம்ப நாளாக ஒன்றிரண்டு என்றால் வயசுக்கு வருவதாக இருக்கலாம். திடீரென்று நிறைய வந்து பார்வையும் புகைந்தால் கண்ணின் நடுவிலோ பின்னாலோ அழற்சி இருக்கலாம். கண்ணுக்குள் மின்னல் வெட்டினாலோ, ஓரத்தில் திரை விழுந்தாலோ விழித்திரை பிரச்சினையாக இருக்கலாம். அன்றைக்கே கிளம்புங்கள்.

மன்னவனூர்: தாய்ப்பால் விடலாமா?

கூடாது.

பெருமாள்மலை: எந்தச் சொட்டு வாங்கலாம்?

முதல் பதிலைப் படியுங்கள். இதே கேள்வி இதோடு ஐந்தாவது.

தாண்டிக்குடி: டாக்டரும் ஸ்டீராய்டு சொட்டுதானே எழுதுகிறார்? போன வருஷப் பாட்டில் பாதி வீட்டில் இருக்கிறது. மதுரைக்குப் போய் வர ஒரு நாள் கூலி போகிறது. எதுக்கு?

அண்ணே, கேள்வி நியாயம்தான். ஆனால் சிவந்த கண் எல்லாம் ஒரே நோய் இல்லை. காப்பித் தோட்டத்தில் இலை கீறிப் பூஞ்சைப் புண் வந்தாலும் சிவக்கும், ஹெர்பிஸ் கிருமி வந்தாலும் சிவக்கும். அதில் ஸ்டீராய்டு விட்டால் முதலில் சுகமாக இருக்கும், உள்ளே புண் பரவும். யுவியைட்டிஸ்தான் என்றாலும் அது மட்டும் போதாது, கண்மணியை விரிக்கும் சொட்டும் வேண்டும், பிறகு ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். கடையிலேயே வாங்கி மாதக்கணக்கில் விட்டுக்கொண்டிருந்த ஒருவரை நான் பார்த்தேன். சிவப்பு போய்விட்டது, கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பும் போய்விட்டது. பக்கத்தில் நிற்பவரை இடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தார், தனக்கு ஓரப் பார்வை இல்லை என்பதே அவருக்குத் தெரியாது.

மறுபடி தாண்டிக்குடி: கண்ணுக்குப் போனால் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள். காசு பிடுங்கத்தானே?

இல்லை அண்ணே. காசநோயும் கண்ணுக்குள் அழற்சி தரும். காலையில் இடுப்பு இறுகி, நடக்க நடக்கச் சரியாகும் முதுகுவாதக்காரருக்கும் வரும். 1993 கடைசியில் மதுரைப் பக்கம் வெள்ளம் வந்தது, அதற்குப் பிறகு 1994-ல் கூட்டம் கூட்டமாக யுவியைட்டிஸ் வந்தது. காரணம் எலிக்காய்ச்சல் கிருமி. காய்ச்சல் வந்து போய் வெகுநாள் கழித்துக்கூட அது கண்ணில் தெரியும். அதனால்தான் சேற்றில் இறங்கினாயா, இடுப்பு வலிக்கிறதா என்று ஊர்க்கதை எல்லாம் கேட்கிறார்கள். சில பேருக்கு எத்தனை சோதனை செய்தாலும் காரணம் கிடைக்காது, அது வேறு.

வில்பட்டி: மகளுக்கு மூட்டுவாதம். கண் வெள்ளையாகத்தான் இருக்கிறது. எதற்குக் கண் பரிசோதனை?

குழந்தைகளுக்குச் சிவக்காமல், வலிக்காமலே உள்ளே அழற்சி ஓடும். டாக்டர் சொன்ன தேதியைத் தவறவிடாதீர்கள்.

தாண்டிக்குடி: சரி, பாட்டிலை என்ன செய்ய?

திறந்து ஒரு மாதம் தாண்டியதா? குப்பையில் போடுங்கள். பெயரை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள்.