பழைய ஃபிரேமை வைத்துக் குறைந்த செலவில் சைக்கிள் கட்ட எந்தப் பாகங்களை வாங்கலாம்?
கியர் இல்லாத சைக்கிளாகக் கட்டுவதே செலவைப் பெரிதும் குறைக்கும். அதில் மிச்சமாகும் பணத்தைச் சக்கரங்களுக்கும் பிரேக்குக்கும் ஒதுக்குங்கள். டயர் வாங்கும்போது '26 அங்குலம்' என்பதை மட்டும் நம்ப வேண்டாம்: 26 × 1⅜ டயர் பொதுவாக 590 மில்லிமீட்டர் ரிம்முக்கும், 26 × 1.95 டயர் 559 மில்லிமீட்டர் ரிம்முக்கும் உரியவை என்பதால், ஒன்றுக்கு வாங்கியது மற்றொன்றில் உட்காராது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் மில்லிமீட்டர் எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும். ஃபிரீவீலின் (பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரம்) பற்கள் தேய்ந்திருந்தால் செயினோடு சேர்த்தே மாற்றுங்கள், இல்லையெனில் புதுச் செயின் பல் தாண்டும். மட்கார்டு, ஸ்டாண்டு, கேரியர் ஆகியவை பழைய சாமான் கடையில் கிடைப்பதே போதும். பழைய ஹப்பை (சக்கரத்தின் நடுவில் அச்சைத் தாங்கும் பாகம்) எடுப்பதானால் அச்சை விரலால் சுழற்றிப் பாருங்கள். கரகரவென்று உரசினால் கழற்றிப் பார்க்க வேண்டும், ஏனெனில் கோனும் (அச்சில் குண்டுகளைத் தாங்கும் கூம்பு வடிவப் பாகம்) குண்டுகளும் தேய்ந்திருந்தால் சிறு செலவில் மாற்றிவிடலாம், ஹப்பில் குண்டுகள் உருளும் உள்கிண்ணத்திலேயே குழி விழுந்திருந்தால் அதை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.