சஸ்பென்ஷன் கேள்வி-பதில்: உயரத்தைக் கேட்கும் முன் எடையைப் பாருங்கள்

கேள்வி: முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்சில் (இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பிணைக்கும் விறைப்பான அச்சு), காயில் ஸ்பிரிங் உள்ள ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருக்கிறேன். இரும்பு பம்பரும் வின்சும் (சிக்கிய வண்டியை இழுக்கும் கயிற்று உருளை) மாட்டியாகிவிட்டது. அடுத்து கூரைமேல் மடக்குக் கூடாரம் ஏறப்போகிறது. வண்டியை உயர்த்த 2 இன்ச் லிஃப்ட் போதுமா, 4 இன்சே போட்டுவிடலாமா? 'ஹெவி டூட்டி' என்று எழுதியிருக்கும் ஸ்பிரிங்கையே எடுத்துக்கொள்ளலாமா ஐயா?

பதில்: உயரத்தைப் பிறகு பேசுவோம். முதலில் வண்டியை ஒரு எடை மேடைக்கு ஓட்டிப் போங்கள். முன் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்க ஒரு முறை, முழு வண்டியும் நிற்க ஒரு முறை எடை போடுங்கள். இரண்டையும் கழித்தால் பின் ஆக்சில் சுமப்பது தெரிந்துவிடும். டேங்க் நிறைய டீசல், வண்டியை விட்டு இறங்காத சாமான்கள், வழக்கமாக உடன் வருகிறவர்கள் எல்லாம் உள்ளேயே இருக்கட்டும். இந்த இரண்டு எண்களும் கையில் இல்லாமல் ஸ்பிரிங் வாங்காதீர்கள். இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்களில் பாதி, அப்படி வாங்கிவிட்டு 'வண்டி தூக்கிப் போடுகிறது' என்று வருகிறவைதான்.

எடையைச் சுமப்பது ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது ஷாக் (ஷாக் அப்சார்பர்). நல்ல ஸ்பிரிங் கடைகள் 'முன்பக்கம் நிரந்தரமாக 50 கிலோ வரை கூடுதல்', '50 முதல் 100 வரை' என்று பிரித்துத்தான் விற்கின்றன. 'நிரந்தரமாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை ஏற்றும் 300 கிலோவுக்குப் பின் ஸ்பிரிங் வாங்கினால், மீதி நாளெல்லாம் காலி வண்டி அதன்மேல் ஓடும். பின்பக்கம் தூக்கி நிற்கும். காலி வண்டியின் கனத்துக்குக் கடினமான ஸ்பிரிங் கொஞ்சமே அமுங்குவதால், பள்ளம் வந்தால் சக்கரம் கீழே இறங்க இடமிருக்காது. அந்தரத்தில் தொங்கிச் சுழலும். பிடிமானம் வேண்டித்தானே இவ்வளவு செலவு செய்கிறோம்?

உங்கள் வண்டியில் இன்னொன்றும் இருக்கிறது. பம்பரும் வின்சும் முன் ஆக்சிலுக்கும் முன்னால் தொங்குகின்றன. 100 கிலோ மாட்டியிருந்தால் முன் ஆக்சிலில் 100-க்கு மேல் ஏறும், 100-ஐத் தாண்டிய அந்த மிச்சம் பின் ஆக்சிலில் குறையும். எனவே முன்பக்கத்துக்கு ஒரு படி கனமான ஸ்பிரிங் தேவைப்படலாம். பின்பக்கத்துக்குக் கூடாரம், சாமான் எல்லாம் சேர்ந்த பிறகு எடை மேடை சொல்வதுதான் கணக்கு. நாலு மூலைக்கும் ஒரே 'ஹெவி டூட்டி' என்பது உங்கள் வண்டிக்கு ஒத்துவராது. கண்ணால் பார்த்து எடுக்கவும் முடியாது. காயில் கம்பியின் கனம் 13 மி.மீ.-இலிருந்து 14.3 ஆனால், அதாவது வெறும் 10 சதவீதம் கூடினால், மற்ற அளவுகள் மாறாதபோது விறைப்பு சுமார் 46 சதவீதம் ஏறிவிடும். விட்டத்தின் நான்காம் அடுக்கில் அது வளர்கிறது.

இனி உயரம். 2 இன்ச் போதும் என்பது என் தெளிவான கருத்து. ரிஜிட் ஆக்சில் வண்டியில் லிஃப்ட் உயர்த்துவது பாடியையும் சேஸிஸையும்தான். ஆக்சில் நடுவில் கிடக்கும் டிஃபரன்ஷியல் உருண்டை (சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது டயர் மட்டுமே. அதுவும் டயரின் விட்டம் 50 மி.மீ. கூடினால் உருண்டை 25 மி.மீ. ஏறும், அவ்வளவுதான். லிஃப்டால் வயிற்றுப் பகுதி மேட்டில் தட்டாது, மூக்கு கரையில் இடிக்காது, பெரிய டயருக்கு இடம் கிடைக்கும். இதற்கு 2 இன்ச் தாராளம். 4 இன்ச்சுக்குப் போனால் பிரேக் ஹோஸ், ஏ.பி.எஸ். ஒயர், ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம், ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் ராட், ஸ்டீயரிங் ராட் என்று ஒவ்வொன்றாகக் கை வைக்க வேண்டிவரும். இதற்கெல்லாம் மேலே கூரையில் கூடாரம்! பக்கவாட்டுச் சரிவில் வண்டி சாயும்போது அந்த ஒவ்வொரு இன்ச்சும் உங்களுக்கு எதிராக வேலை செய்யும்.

பொருள் வந்ததும் உடனே பூட்டி முடிக்க விடாதீர்கள். ஸ்பிரிங் இல்லாமல் ஷாக்கை மட்டும் மாட்டி, சேஸிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்சிலை ஜாக்கால் மெதுவாக மேலே தள்ளச் சொல்லுங்கள். பம்ப் ஸ்டாப் ரப்பர் (ஆக்சில் சேஸிஸில் மோதாமல் தடுக்கும் கட்டை) நன்றாக நசுங்கும்வரை தள்ள வேண்டும். அப்போதும் ஷாக்கின் பளபளக்கும் தண்டு ஒரு விரல் அகலமாவது வெளியே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அடியைத் தாங்கப்போவது பம்ப் ஸ்டாப் அல்ல, ஷாக். மேல் மவுன்ட் பிய்ந்துகொண்டு வரும். பிறகு ஒரு பக்கம் ஏற்றி மறுபக்கம் இறக்குங்கள். அப்படியே ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, பிரேக் ஹோஸ் எங்கே விறைக்கிறது, டயர் எங்கே உரசுகிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அரை மணி நேர வேலை. கிட்டின் அட்டைப்பெட்டி சொல்லாத அத்தனையும் இதில் தெரிந்துவிடும்.

கேள்வி: ரேடியஸ் ஆர்ம் (முன் ஆக்சிலைச் சேஸிஸோடு இணைக்கும் நீளக் கை) உள்ள வண்டிக்கு 2 இன்ச் லிஃப்ட் போட்டேன். 80 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் அலைகிறது, திருப்பிவிட்டால் தானாக நேருக்கு வருவதில்லை. அலைன்மென்ட் செய்த இடத்தில் 'எல்லாம் சரி' என்கிறார்கள். ஸ்டீயரிங் டாம்பர் (ஸ்டீயரிங் ஆட்டத்தை அடக்கும் சிறு ஷாக்) மாற்றினால் தீருமா அண்ணா?

பதில்: தீராதம்மா. அவர்கள் பார்த்தது டோ, அதாவது மேலிருந்து பார்க்கையில் டயர்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு. உங்களுக்குக் கெட்டிருப்பது காஸ்டர், அதாவது பக்கவாட்டில் பார்க்கையில் சக்கரம் திரும்பும் அச்சு பின்பக்கம் சாய்ந்திருக்கும் கோணம் என்றே நினைக்கிறேன். ரேடியஸ் ஆர்ம் ஆக்சிலோடு விறைப்பாகப் பிணைந்திருப்பது. வண்டியை உயர்த்தினால் ஆர்மின் சேஸிஸ் முனை மேலே போகும், ஆர்ம் சாயும், கூடவே ஆக்சிலும் முன்பக்கமாக உருளும். ஆர்ம் 900 மி.மீ. நீளம் என்றால் 50 மி.மீ. லிஃப்ட்டுக்குச் சுமார் 3 டிகிரி காஸ்டர் பறிபோகும். பல வண்டிகளுக்குத் தொழிற்சாலை கொடுப்பதே ஏறக்குறைய அவ்வளவுதான். ஸ்டீயரிங்கைத் தானாக நேருக்குக் கொண்டுவருவது அந்தக் கோணம்.

அலைன்மென்ட் அச்சுத்தாளைக் கேட்டு வாங்கி, காஸ்டர் என்று இருக்கும் வரியைப் பாருங்கள். குறைந்திருந்தால் துளை நடுவிலிருந்து விலகிய காஸ்டர் புஷ் (இணைப்பில் இருக்கும் ரப்பர் உருளை), அல்லது கோணம் திருத்திய ஆர்ம் போட வேண்டும். கூடவே இரண்டு முன் டயர்களுக்கும் சேஸிஸுக்கும் இடையே உள்ள தூரத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள். லிஃப்ட்டுக்குப் பிறகு பான்ஹார்ட் ராட் ஆக்சிலை ஒரு பக்கமாக இழுத்திருக்கும். வித்தியாசம் அதிகமென்றால் நீளம் மாற்றக்கூடிய ராட் தேவை. டாம்பர் நோயை மூடி மறைக்கும், ஆற்றாது. புஷ், பால் ஜாயின்ட், கிங் பின் பேரிங் எல்லாம் ஆட்டமில்லாமல் இருப்பதை உறுதி செய்யும்வரை அதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

கேள்வி: மோனோ ட்யூப் ஷாக்கா, ட்வின் ட்யூப் ஷாக்கா? சலவைப் பலகைபோல வரி வரியாகக் கிடக்கும் மண் சாலையில்தான் என் ஓட்டம் அதிகம்.

பதில்: அந்தச் சாலையில் ஷாக்கின் எதிரி சூடு. விடாமல் நடுங்கும்போது உள்ளே இருக்கும் ஆயில் சூடாகி இளகும், நுரைக்கும். அடக்கும் சக்தி போய்விடும். மோனோ ட்யூப்பில் ஆயிலைச் சுற்றி ஒரே சுவர்தான் என்பதால் சூடு சீக்கிரம் வெளியேறும். அழுத்தத்தில் நிற்கும் நைட்ரஜனைத் தனி பிஸ்டன் பிரித்து வைப்பதால் நுரைப்பதும் குறைவு. நீங்கள் சொல்லும் ஓட்டத்துக்கு அதுவே பொருத்தம். ஆனால் கல் தெறித்து வெளிச்சுவர் நசுங்கினால் பிஸ்டன் அங்கேயே சிக்கிக்கொள்ளும். ட்வின் ட்யூப்பில் பிஸ்டன் உள்குழாயில் ஓடுவதால் அந்த அடியைத் தாங்கிக்கொள்ளும். பாறைகளில் மெதுவாக ஏறுகிறவர்களுக்கு நான் இன்னமும் ட்வின் ட்யூப்பைத்தான் சொல்கிறேன்.

அந்தச் சாலை முடிந்ததும் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு ஷாக்குக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், பிடித்துவிடாதீர்கள், சுட்டுவிடும். சூடாக இருப்பதில் தவறில்லை. மூன்று சூடாகவும் ஒன்று மட்டும் குளிர்ந்தும் இருந்தால், வேலை செய்யாமல் இருப்பது அந்தக் குளிர்ந்த ஷாக். அப்புறம், டயர் காற்று. தார்ச்சாலைக்கு 35 பி.எஸ்.ஐ. வைப்பவர் இங்கே 25 பக்கம் இறக்கி, வேகத்தையும் குறைத்தால் ஷாக்குக்குப் போகும் சுமை நன்றாகக் குறையும். தார்ச்சாலை ஏறியதும் மறக்காமல் நிரப்புங்கள்.

கேள்வி: பின்னால் லீஃப் ஸ்பிரிங் (இரும்புப் பட்டைகளின் அடுக்கு) உள்ள பிக்கப். சாமான் ஏற்றினால் வால் தாழ்கிறது. ஏர் பேக் (ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றடைத்த பை) மாட்டலாமா?

பதில்: உங்களுக்கு வேண்டாம் என்பேன். லீஃப் கட்டு தன் சுமையை முன் முனை, பின் முனை என இரண்டு இடத்தில் சேஸிஸுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. ஆக்சிலுக்கு மேலே உட்காரும் ஏர் பேக் ஒரே புள்ளியில் முட்டும். வாலில் கனம் தொங்க, நடுவில் பேக் முட்ட, குழியில் விழுந்து எழுந்தால் சேஸிஸ் வளைந்துவிடும். அப்படி வளைந்த பிக்கப்கள் நிறைய உண்டு. உங்கள் நிரந்தர எடைக்கு ஏற்ற லீஃப் கட்டு போடுங்கள். கனமானதை ஆக்சிலுக்கு முன்னால், கேபினை ஒட்டி நகர்த்துங்கள். ஸ்பிரிங் மாற்றிவிட்டதால் வண்டியின் மொத்த எடை வரம்பு கூடிவிடாது; பிரேக்கும் ஆக்சிலும் அதே பழையவைதான்.

கேள்வி: வீட்டிலேயே ஸ்பிரிங் மாற்றினேன். புது ரப்பர் புஷ்கள் சில மாதத்தில் கிழிந்துவிட்டன. மட்டமான சரக்கா?

பதில்: சரக்கின் குற்றமாக இருக்காது. வண்டி ஸ்டாண்டில் தொங்கும்போதே புஷ் போல்ட்டுகளை முறுக்கியிருப்பீர்கள். ரப்பர் அந்தத் தொங்கிய நிலையில் இறுகிவிடும்; வண்டி தரையில் இறங்கியதும் நாள் முழுக்க முறுக்கிக்கொண்டே கிடந்து கிழியும். போல்ட்டுகளைக் கையால் மட்டும் ஏற்றி, சக்கரம் தரையில் ஊன்றி, முழுக் கனமும் இறங்கிய பிறகு டார்க் ரெஞ்சால் (முறுக்கு விசையை அளந்து முறுக்கும் ஸ்பேனர்) முறுக்குங்கள். சுமார் 500 கி.மீ. ஓடியதும் எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை பாருங்கள். லீஃப் வண்டியாக இருந்தால் ஆக்சிலை லீஃப் கட்டோடு பிணைக்கும் பழைய யு-போல்ட்டைத் திரும்பப் போடாமல் புதிதாக வாங்குங்கள். ஹெட்லைட்டையும் தாழ்த்திவிடுங்கள், உயர்த்திய வண்டியின் வெளிச்சம் எதிரே வருகிறவர் கண்ணில் நேராக அடிக்கும்.